எம்.ஏ. வரலாறு: சேரும் முன்பும் படிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வியை எம்.ஏ. இரண்டாம் ஆண்டின் இறுதியில், மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் மாணவர்களை நான் தொடர்ந்து சந்திக்கிறேன். அவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள். ஆயினும் சேரும் நாளில் கவனிக்காமல் விட்ட ஒரு சிறு நிபந்தனையால் இரண்டு மூன்று ஆண்டுகளை இழக்க நேர்ந்தவர்கள். இந்தப் படிப்புக்கு எதிர்காலம் இல்லை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. கல்லூரி, பள்ளி, தொல்லியல், ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம், ஆட்சிப்பணி என்று பல வழிகள் இதற்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி நுழைவு நிபந்தனை இருக்கிறது என்பதையும், பட்டம் மட்டும் அந்த வழிகளில் எதையும் திறந்துவிடாது என்பதையும் முதல் பருவத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் தவறு பட்டத்தின் பெயரைக் கவனிக்காமல் சேர்வது. வரலாறு, இந்திய வரலாறு, பண்டைய வரலாறும் தொல்லியலும், இந்தியப் பண்பாடு, வரலாறும் சுற்றுலாவும் என்று பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறுகிறது. படிப்பின் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியமோ அரசுப் பணியாளர் தேர்வாணையமோ வெளியிடும் அறிவிக்கையில் "வரலாறு" என்று இருந்து, சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், இரண்டும் இணையானவை என்று காட்டும் அரசாணையைச் சான்றிதழ் சரிபார்ப்பின்போது கேட்பார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர் அந்த மேசையில் நிற்கும்போதுதான் அப்படி ஓர் அரசாணை இருக்கிறதா என்று தேடத் தொடங்குகிறார். முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளங்கலைப் பாடமும் முதுகலைப் பாடமும் ஒத்திருப்பதும் முக்கியம் என்பதால், வேறு பாடத்தில் இளங்கலை முடித்து வரலாற்றுக்கு மாறுபவர்கள் பழைய அறிவிக்கை ஒன்றைத் தரவிறக்கி, கல்வித்தகுதிப் பகுதியை வரிவரியாகப் படித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

தொலைநிலைக் கல்வியில் சேர்பவர்களுக்கு இதோடு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, சேரும் அந்த ஆண்டில், பல்கலைக்கழக மானியக்குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் அளித்திருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டு இளங்கலை, முதுகலை என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பது தமிழ்நாடு அரசுப் பணிகளில் கண்டிப்பாகப் பார்க்கப்படுகிறது. இளங்கலை இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் சுவரில் மாட்ட உதவுமே தவிர, அந்த வேலைகளுக்கு உதவாது.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்க விரும்புவோர் செய்யும் தவறு காலம் பற்றியது. அங்கே முதுகலைச் சேர்க்கை 2022 முதல் தேசியத் தேர்வு முகமை நடத்தும் பொது நுழைவுத்தேர்வு வழியாக நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் அத்தேர்வு மார்ச் மாதத்தில் நடந்திருக்கிறது. இளங்கலைத் தேர்வு முடிவு வந்த பிறகு விசாரிக்கலாம் என்று இருப்பவர்களுக்கு அந்த ஆண்டின் கதவு அதற்குள் மூடியிருக்கும்.

மொழி பற்றிய தவறுதான் திறமையான மாணவர்களை அதிகம் வீழ்த்துகிறது. தமிழ்வழியில் எம்.ஏ. படிப்பதில் எந்தக் குறையும் இல்லை. சிந்தனை தெளிவாக இருக்கும், தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமையும் மாநில அரசுப் பணிகளில் உண்டு. ஆனால் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்த முன்னுரிமைக்குப் பள்ளிப் படிப்பு முதலே தமிழ்வழியில் படித்ததற்கான சான்று தேவை. படித்த ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் அதை உரிய படிவத்தில் வாங்கி வைக்க வேண்டும். இன்னொரு பக்கம், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட், வரலாற்றுப் பாடத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே கேட்கப்படுகிறது. குடிமைப்பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்றாலும் அங்கும் வினாத்தாள் இவ்விரு மொழிகளில்தான் அச்சாகிறது.

இது நடைமுறையில் எப்படி இடறச் செய்கிறது என்பதற்கு ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 1765 முதல் 1772 வரை வங்காளத்தில் கிளைவ் ஏற்படுத்திய முறையைத் தமிழில் இரட்டை ஆட்சி என்கிறோம். 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் கொண்டுவந்த முறையையும் இரட்டை ஆட்சி என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முன்னது பெரும்பாலும் டூயல் கவர்ன்மென்ட், பின்னது டையார்க்கி. வினாவில் டையார்க்கி என்று பார்த்த மாணவர் கிளைவைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பாடம் தெரிந்திருந்தும் அந்த மதிப்பெண் போய்விடும். ஆகவே தமிழ்வழி மாணவர்கள் ஒவ்வொரு பாடத்தோடும் கலைச்சொற்களை இரு மொழியிலும் எதிரெதிராக எழுதிய ஒரு நோட்டைப் பராமரிக்க வேண்டும். இரண்டு ஆண்டு முடிவில் அந்த நோட்டு எந்த வழிகாட்டி நூலையும் விடப் பயன்படும்.

நெட் தேர்வைப் பற்றி இன்னும் சில விவரங்களைச் சொல்ல வேண்டும், ஏனெனில் வதந்தியை நம்பித் திட்டமிடுவதும் பரவலான தவறு. முதல் தாளில் 50 வினாக்கள், இரண்டாம் தாளில் 100 வினாக்கள், மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட பிரிவினருக்கு 50 விழுக்காடு போதும். இதர பிற்படுத்தப்பட்டோரில் வளமான பிரிவினருக்கு இந்தச் சலுகை இல்லை. 54.9 என்பதை 55 ஆக முழுமையாக்கிக்கொள்ள விதி இடம் தருவதில்லை என்பதால், பருவத்தேர்வு மதிப்பெண்ணை அலட்சியமாக விட்டவர்கள் பின்னால் வருந்துகிறார்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. இதே தேர்வின் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு 30 வயது என்ற வரம்பு, சில பிரிவினருக்கும் பெண்களுக்கும் 5 ஆண்டுத் தளர்வுடன், இருக்கிறது. 2023 முதல் அந்த உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் என்பதால், நடுத்தரக் குடும்பத்து மாணவர் ஒருவர் வீட்டுக்குச் சுமையாகாமல் ஆய்வு செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. மாநிலத் தகுதித் தேர்வான செட்டில் வென்றால் அந்தத் தகுதி அந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும்.

பள்ளி ஆசிரியர் வழி எளிது என்று எண்ணி பி.எட். படிப்பைத் தள்ளிப்போடுவது இன்னொரு பிழை. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை ஆசிரியராக எம்.ஏ.வுடன் பி.எட். கட்டாயம், அது இப்போது இரண்டாண்டுப் படிப்பு. போட்டித் தேர்வின் 150 வினாக்களில் 110 பாடத்திலிருந்தும், 30 கல்வியியலிலிருந்தும், 10 பொது அறிவிலிருந்தும் வருகின்றன. அந்தப் பணியின் ஊதிய விகிதம் 36,900 ரூபாயில் தொடங்குகிறது என்பதையும், கல்லூரி உதவிப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய் என்பதையும் பலர் ஒப்பிடுகிறார்கள். ஊதியத்தை மட்டும் ஒப்பிட்டால் படம் முழுமையாகாது. அரசுக் கல்லூரிகளில் நிரந்தர நியமனம் நீண்ட இடைவெளிகளில்தான் நடக்கிறது. நடுவே கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். பி.எட். கையில் இருப்பது அந்தக் காத்திருப்பைத் தாங்க ஒரு துணை.

ஐ.ஏ.எஸ். தேர்வுக்காகவே எம்.ஏ. வரலாறு சேர்கிறேன் என்பவர்களிடம் நான் வெளிப்படையாகப் பேசிவிடுவது வழக்கம். அத்தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். வரலாற்றை விருப்பப் பாடமாக எடுக்கவும் எம்.ஏ. தேவையில்லை. விருப்பப் பாடத்தின் 500 மதிப்பெண்ணில் 50 மதிப்பெண் ஒரு வரைபட வினாவுக்கு மட்டும் போகிறது, அதில் இருபது இடங்களை அடையாளம் கண்டு குறிப்பெழுத வேண்டும். பல்கலைக்கழகப் பருவத்தேர்வு இந்தப் பயிற்சியைத் தருவதில்லை. வரலாற்றின் மேல் ஈடுபாடு இருந்து, ஆட்சிப்பணியையும் ஒரு வாய்ப்பாக வைத்துக்கொள்பவருக்கு எம்.ஏ. நல்ல துணை. ஈடுபாடு இல்லாமல் தேர்வுக்கு மட்டும் சேர்பவர் இரண்டையும் அரைகுறையாகச் செய்வார்.

இனி, நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதும் தவறுக்கு வருகிறேன்: எம்.ஏ.வையும் பி.ஏ. போலவே குறிப்பேடுகளை மனப்பாடம் செய்து முடிப்பது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து ஊர்ச்சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பள்ளியிலிருந்தே இதைப் படிக்கிறோம்; சோழர் கால மக்களாட்சிக்குச் சான்று என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறோம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள், ஏறத்தாழ கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ளன. அவற்றின் வாசகத்தை எடுத்து வைத்துக்கொண்டால் கேள்விகள் தாமாக எழுகின்றன. வாரியம் எனப்பட்ட சபைக் குழுவுக்குப் பெயர் எழுதப்பட, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். முதல் கல்வெட்டு 30 முதல் 60 வயது என்கிறது; இரண்டாவது 35 முதல் 70 என்று மாற்றுகிறது. இரண்டே ஆண்டுகளில் விதியை ஏன் மாற்றினார்கள்? பதவி வகித்தும் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கியது, எந்த அனுபவத்தின் விளைவு? ஊரின் அன்றைய பெயரிலேயே, பிராமணர் குடியிருப்பைக் குறிக்கும் சதுர்வேதிமங்கலம் என்ற சொல் இருக்கையில், பிராமணர் சபையின் இந்த விதியை வேளாண் ஊர்களுக்கும் பொருத்தலாமா? அதற்கு முந்தைய பாண்டியர் காலத்து மானூர்க் கல்வெட்டிலும் சபை உறுப்பினர் தகுதி பேசப்படுகிறதே, இரண்டையும் வைத்து என்ன சொல்லலாம்? இப்படிக் கேட்கப் பழகியவர் நேர்முகத் தேர்வில் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் பேசுவார். மனப்பாடம் செய்தவர் அந்த ஒரு வரிக்குப் பிறகு நின்றுவிடுவார்.

மூலத்தைப் படிக்கும் இந்தத் திறமைதான் வேலைவாய்ப்பிலும் உங்களை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும். கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனைப் புகழும் மெய்க்கீர்த்தி "திருமகள் போல" என்று தொடங்கினால் முதலாம் இராசராசன் என்றும், "திருமன்னி வளர" என்றால் இராசேந்திரன் என்றும் சொல்லிவிடலாம். "கோப்பரகேசரி" என்ற பட்டம் மட்டும் இருந்தால் எந்த மன்னன் என்று எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தை, கொண்டே கணிக்க வேண்டும். ஒரு வருவாய் ஆவணத்தில் பசலி என்னும் வருவாய்த்துறை ஆண்டுக்கணக்கில் 1300 என்று இருந்தால் 590ஐக் கூட்டி 1890-91 என்று சொல்லத் தெரிய வேண்டும். தஞ்சை மராட்டியர் ஆவணங்கள், மராத்தி மொழியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. கிரந்தம், வட்டெழுத்து, மோடி, டச்சு, பாரசீகம் என்று ஏதேனும் ஒன்றை இரண்டு ஆண்டில் கற்றுக்கொண்டவருக்கும் கற்காதவருக்கும் உள்ள இடைவெளி பின்னர் குறைவதே இல்லை.

இதற்கான பட்டயப் படிப்புகளைப் பற்றித் தெரியாமலே எம்.ஏ. முடிப்பவர்கள் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை உதவித்தொகையுடன் தொல்லியல், கல்வெட்டியல் பயிற்சி தருகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் நிறுவனம் கிரேட்டர் நொய்டாவில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. 2020இல் அதன் அறிவிக்கையில் செம்மொழிகளின் பட்டியலில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்பு எழுந்த பின் சேர்க்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். புதுதில்லியில் இந்திய தேசிய ஆவணக்காப்பகம் ஆவண மேலாண்மையில் ஓராண்டுப் பட்டயம் அளிக்கிறது. அருங்காட்சியகவியல், சுற்றுலா, பதிப்பகம், இதழியல் ஆகியவற்றிலும் இடம் உண்டு, அங்கெல்லாம் எம்.ஏ.வுடன் அந்தத் துறையின் கைத்திறனும் கேட்பார்கள்.

முனைவர் பட்டத்தில், அடுத்து என்ன செய்வது என்று தெரியாத காரணத்தால் சேர்வதைத் தவிர்க்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள் என்று 2022ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது, எம்.பில். படிப்பும் அவ்விதிமுறையோடு நிறுத்தப்பட்டுவிட்டது. உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் போதுமான குறைந்தபட்சத் தகுதி என்று 2023 ஜூலையில் மானியக்குழு அறிவித்துவிட்டதால், தகுதித் தேர்வை எழுதாமல் ஆய்வில் நுழைவது பெரும்பாலும் தலைகீழ் வரிசை.

ஆய்வில் விருப்பம் இருக்கிறதா என்பதை எம்.ஏ.வின் இறுதிப் பருவத்துத் திட்டக்கட்டுரையே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அதை இணையத்திலிருந்து திரட்டி ஒப்படைப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு. "இந்திய விடுதலைப் போரில் பெண்கள்" போன்ற அகன்ற தலைப்பை விட்டு, சொந்த ஊரின் ஒரு கோயில் கல்வெட்டுத் தொகுதி, ஒரு வட்டத்தின் நிலவரிப் பதிவுகள், ஒரு பழைய இதழின் ஐந்தாண்டு இதழ்கள் என்று எட்டிப்பிடிக்கக்கூடிய ஒன்றை எடுங்கள். துறைத்தலைவரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு, மூன்றாம் பருவ விடுமுறையிலேயே எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்கோ தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ சென்று, பென்சிலும் தாளுமாக ஒரு வாரம் உட்காருங்கள். முதல் இரண்டு நாள் கேட்ட ஆவணக் கட்டு வராது, வந்த கட்டில் தேடியது இருக்காது. மூன்றாம் நாள் ஒரு மனுவோ ஒரு அதிகாரியின் குறிப்போ கையில் சிக்கும்போது நேரம் போவது தெரியாமல் படிக்கிறீர்களா, கடிகாரத்தைப் பார்க்கிறீர்களா என்று கவனித்துவிட்டு, அதன்பின் ஆய்வுக்கு விண்ணப்பிப்பதா பி.எட்.டுக்கு விண்ணப்பிப்பதா என்று முடிவு செய்யுங்கள்.