வளர்ப்புக் குடும்பத்தில் வாழும் பதின்வயதினரைப் பற்றி நாவல் எழுதுவது எப்படி?

அமெரிக்காவில் நிகழும் கதையென்றால், முதலில் அந்நாட்டு நடைமுறையைக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே வளர்ப்புப் பராமரிப்பு என்பது தத்தெடுப்பு அன்று; பிள்ளையின் பொறுப்பு அரசிடம் இருக்க, பராமரிக்கும் குடும்பம் பொதுவாக அதற்கென உதவித்தொகை பெறுகிறது. ‘பணத்துக்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்களா?’ என்ற ஐயம் 15 வயதுப் பெண்ணின் மனத்தில் எப்படி வேர்விடும் என்று எண்ணிப் பார்த்தால், அவளுடைய சினத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியிராது.

அந்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளை கடந்த 22 மாதங்களில் 15 மாதங்கள் அரசுப் பராமரிப்பில் இருந்திருந்தால், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோரின் உரிமையை நீக்கக் கோரி அரசு நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். கதைக்கு இதைவிடக் கூர்மையான காலக்கெடு கிடைப்பது அரிது.

அவளை முரட்டுப் பெண் என்று வருணிக்காமல் செயலைக் காட்டுங்கள். குப்பைப் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு புது வீட்டுக்குள் நுழைபவள், அலமாரி காலியாக இருந்தும் எதையும் அடுக்காமல், இரவு மிஞ்சிய ரொட்டித் துண்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கட்டும். வளர்ப்புத் தாய் அதைக் கண்டும் ஒன்றும் கேட்காமல், மறுநாள் ஒரு டப்பா நிறைய பிஸ்கட்டைக் கட்டிலருகே வைக்கும் காட்சியை அவசரமின்றி எழுதுங்கள்; நம்பிக்கை துளிர்ப்பது அங்கேதான். பெற்ற தாயை மட்டும் கொடியவளாக்கிவிட வேண்டாம். அடிபட்ட பிள்ளைகூட அம்மாவின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும்.