செங்கோட்டையில் ஸ்பானிஷ் வாரம்: விருந்தினரைத் தங்கவைத்து மொழி பழக்குவது எப்படி

எங்கள் வீடு செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் வழியில் வயலை ஒட்டி இருக்கிறது. பின்கட்டில் நின்றால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, கேரளம். இங்கேதான் ஆடிச் சாரலிலும் தை, மாசியிலும் ஒரு தடவைக்கு ஆறு பேரைத் தங்கவைத்து ஸ்பானிஷ் பேசப் பழக்குகிறேன். காலையில் யோகா, நடை, நல்ல சாப்பாடு, தூக்கம். மற்ற நேரமெல்லாம் ஸ்பானிஷ். வருகிறவர்களில் பெரும்பாலோர் சென்னை, கோவை, பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கள். செயலியில் ஒரு வருடம் படித்திருப்பார்கள், ஆனால் வாய் திறக்காது.

இதே மாதிரி தொடங்க விரும்பும் சிலர் கேட்டதால் செய்முறையை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வும் மொழிப் பயிற்சியும் சக்களத்திகள். அந்நிய மொழியில் நாள் முழுக்கப் பேசினால் தலை களைத்துப்போகும், வந்தவரோ களைப்பு தீரத்தான் பணம் கட்டியிருக்கிறார். இந்த இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைப்பதுதான் நம் வேலை. பாடம் நடத்துவதெல்லாம் அப்புறம்.

1. முதலில் நீங்கள் விருந்தாளியாக இருந்து பாருங்கள்

நான் ஸ்பெயினில் சலமாங்கா என்ற ஊரில் நான்கு வாரம் ஒரு வீட்டில் தங்கிப் படித்தேன். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊர், ஸ்பானிஷ் படிக்க வருகிறவர்களைத் தங்கவைப்பது அங்கே பல வீடுகளுக்குப் பழகிப்போன தொழில். வகுப்பில் கற்றதைவிடச் சாப்பாட்டு மேசையில் கற்றது அதிகம். மதியச் சாப்பாடே இரண்டு, மூன்று மணிக்குத்தான். சாப்பிட்டு முடித்தும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். அதற்கென்றே 'சோப்ரேமேசா' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டில் அப்படி உட்கார்ந்தால் 'கை காயுது, எந்திரி' என்று அதட்டல்தான் விழும். என் முகாமில் கை காய்வதுதான் பாடம். போன ஆடியில் ஒரு மதியம், இலையில் ரசம் உலர்ந்து கோடு விழுந்துவிட்டது. விரலிடுக்கில் சோறு ஒட்டிக் காய்ந்துபோய், ஒருவர் அதை உரித்துக்கொண்டே தன் மாமியாரைப் பற்றி ஸ்பானிஷில் குறை சொல்லிக்கொண்டிருந்தார். வினையெல்லாம் தப்பு, ஆனால் நிறுத்தவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஸ்பெயினுக்குப் போக முடியாவிட்டால் பரவாயில்லை. யாராவது நடத்தும் முகாமில் மூன்று நாள் தங்கிப் பாருங்கள். எந்த மணிக்குப் பசிக்கிறது, எப்போது எரிச்சல் வருகிறது, எப்போது தனியாக இருக்கத் தோன்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கால அட்டவணை அந்தக் குறிப்பிலிருந்துதான் வர வேண்டும்.

2. யாரை எடுப்பது

எழுத்தே தெரியாதவரை முழுநேர ஸ்பானிஷ் வீட்டில் விட்டால் ஊமையாகிவிடுவார். ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். ஏ1 முடித்தவரைத்தான் எடுக்கிறேன். சான்றிதழ் கேட்பதில்லை. போனில் மூன்று நிமிடம், தன் வீட்டைப் பற்றியும் நேற்றுச் சாப்பிட்டதைப் பற்றியும் சொல்லச் சொல்வேன், அனுமதி வாங்கிக்கொண்டு அதைப் பதிவும் செய்துவிடுவேன். தட்டுத்தடுமாறிச் சொன்னால் போதும். நடத்துகிற உங்களுக்கு நான்காம் படியான பி2 அளவாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மொழிக்கு ஒரு ஆசிரியரைச் சம்பளத்துக்கு வைத்து, வீட்டை மட்டும் நீங்கள் பாருங்கள். அதுவே பெரிய வேலை. செர்வாந்தெஸ் நிறுவனத்தின் ஸ்பானிஷ் சான்றிதழ் தேர்வான தெலேவுக்குத் தயாராகிறவர் கேட்டால், இது தேர்வுப் பயிற்சி இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

அதே போனில் உடம்பையும் கேளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சாப்பிடுகிற மாத்திரை, கர்ப்பம், முதுகுவலி. யோகா ஆசிரியருக்கு இது முன்னாலேயே தெரிய வேண்டும்.

3. காகித வேலை

சலிப்பான பகுதி, ஆனால் தாண்டிப்போக முடியாது. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை பதியலாம், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு என்றால் கேரளச் சுற்றுலாத் துறை வைரம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரிக்கிறது. சமைத்துப் போடுவதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். வீட்டுக்குக் கொடுத்த 14.2 கிலோ சிலிண்டரில் விருந்தினருக்குச் சமைக்காதீர்கள், 19 கிலோ வணிகச் சிலிண்டர் தனியாக வாங்குங்கள்.

வெளிநாட்டவர் ஒருவர் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இன்னொன்று, பலரும் சறுக்குகிற இடம்: குற்றாலம் பார்க்க வந்த ஸ்பெயின்காரரைப் பிடித்து 'சாப்பாடும் அறையும் இலவசம், பேச மட்டும் செய்யுங்கள்' என்று வைத்துக்கொள்வது. சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது. சம்பளம் தரவில்லை என்ற சமாதானம் எடுபடாது. அதற்குப் பதில் வீடியோ அழைப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் ஸ்பெயின் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே மாலை ஐந்து, இரண்டு பக்கமும் தோதான நேரம்.

4. கணக்கு

ஆறு பேர், ஆறு இரவு என்று ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஒரு ஆளுக்குச் சாப்பாடு நாளுக்கு 450, அறை, சலவை, மின்சாரம் 300. ஆறு நாளுக்கு 4,500 ரூபாய். யார் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு: மொழித் துணை ஆசிரியருக்கு 15,000, யோகாவுக்கு 4,800, வேனுக்கு 6,000. மொத்தம் 25,800. ஆறு பேரும் வந்தால் தலைக்கு 8,800 ஆகிறது. புதியவர்கள் இங்கேயே நிறுத்தி, மேலே கொஞ்சம் போட்டு விலை சொல்லிவிடுவார்கள். நான்கு பேர்தான் வந்தால்? தலைக்கு 10,950. அதில் உங்கள் உழைப்புக்கு 16,000 சேர்த்தால் 14,950. ஆகவே 15,000. எப்போதும் நான்கு பேருக்குக் கணக்குப் போடுங்கள். முன்பணம் பாதி, எத்தனை நாள் முன்னால் சொன்னால் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

5. நாளை வகுப்பது

முதல் தடவை நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். காலை ஆறுக்கு யோகா, நான்கு மணி நேரம் பாடம், மதியம் அருவி, மாலை படம், இரவு வீடியோ அழைப்பு. தந்த பணத்துக்கு நிறையக் கொடுக்க வேண்டும் என்ற பதற்றம். மூன்றாம் நாள் கோவையிலிருந்து வந்த பெண் காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கதவைத் தட்டினால் உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "அக்கா, இன்னைக்கு ஒரு நாள் தமிழ்ல பேசிக்கலாமா? தலை கொதிக்குது." உடம்பு தேற வந்த பெண்ணுக்குக் காய்ச்சல் வரவைத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த மூன்றாம் நாள் சோர்வு அநேகமாக எல்லோருக்கும் வருகிறது. இப்போது அந்த நாளைக் காலியாகவே விட்டிருக்கிறேன். மற்ற நாள் இப்படி:

ஆறரைக்கு யோகா, தமிழிலேயே. கழுத்தைத் திருப்பச் சொல்வது புரியாமல் இடுப்பைத் திருப்பினால் வம்பு. எட்டு மணிக் காலைச் சாப்பாட்டிலிருந்து ஸ்பானிஷ். பாடம் ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு ஆளுக்கு ஒரு வேலை: காய் நறுக்க, தேங்காய் துருவ, சந்தைக்கு வர. மதியச் சாப்பாடு, கை காய்கிற வரை பேச்சு. மூன்று முதல் நாலரை வரை வீட்டில் எந்த மொழியும் கிடையாது. போனும் கிடையாது. தூங்கலாம், மழையைப் பார்க்கலாம். அதன்பின் இரவு வரை அவரவர் விருப்பம்.

அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் கோடைக்கால மொழிப் பள்ளிக்கு வருகிறவர்கள், படிக்கிற மொழியைத் தவிர வேறு பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். நல்ல முறைதான், ஆனால் ஒரு வார விருந்தாளிக்கு அது தாங்காது. நான் திண்ணையைத் தமிழுக்கு விட்டிருக்கிறேன். பேசியே ஆக வேண்டும் என்றால் அங்கே போய்ப் பேசிவிட்டு வரலாம். படி தாண்டி உள்ளே வந்தால் ஸ்பானிஷ். திட்டுவதைவிட இந்தக் கோடு நன்றாக வேலை செய்கிறது.

6. தமிழைக் கொண்டே ஸ்பானிஷைத் திறப்பது

ஆங்கிலம் வழியாகப் படித்தவர்களுக்கு வீணாகக் கஷ்டமாகத் தெரிகிற பல இடங்கள் தமிழ் வழியே போனால் சுலபம். 'மே குஸ்தா எல் கஃபே' என்பதில் காப்பிதான் எழுவாய் என்றால் ஆங்கிலப் பழக்கம் திணறும். 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்று சொல்லிப் பாருங்கள், அதே கட்டு. 'மே துயெலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. 'ஆப்லோ' என்றாலே நான் பேசுகிறேன் என்று ஆகிவிடும், 'நான்' தனியாக வேண்டாம். பேசுகிறேன், பேசுகிறாய் என்று விகுதியிலேயே ஆள் தெரிவது நமக்குப் புதிதா என்ன? 'து', 'உஸ்தெத்' என்பது நீ, நீங்கள்.

உச்சரிப்பில் இந்த எல்லைப்புறத்துக்கு ஒரு கொடுப்பினை. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். சென்னைப் பிள்ளைகளுக்கு ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டதால் 'ஆனால்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாய் வந்து நிற்கும். மலையாளம் கேட்டு வளர்ந்தவர் றகரத்தை உருட்டிவிடுவார். 'மஞானா' சொல்ல நம்மிடம் ஞகரம் இருக்கிறது. 'மேசா' மேசை, 'அர்மாரியோ' அலமாரி. இவை நமக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்தவை, அந்த மொழி ஸ்பானிஷுக்கு உடன்பிறப்பு. அதனால் முதல் நாள் அறையைக் காட்டும்போதே சில சொற்கள் இலவசம்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. மேசை பெண்பால் என்றால் நமக்குச் சிரிப்புதான் வரும். 'செர்', 'எஸ்தார்' என்று 'இரு'வுக்கு இரண்டு வினை இருப்பதும் அப்படியே. இவற்றை விளக்கப் போனால் ஒரு மணி நேரம் போய்விடும். திரும்பத் திரும்பச் சொல்லவையுங்கள், காது பழகும்.

7. வீட்டு ஆட்களையும் சேர்த்துக்கொள்வது

சமையலுக்கு வரும் பெரியம்மாவை முதலில் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர் தமிழில் 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டா' என்று கேட்டதும் ஆறு பேரும் தமிழுக்குத் தாவிவிட்டார்கள். மறுநாள் அவரிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார். "'மாஸ்'னா போடணும், 'நாதா மாஸ்'னா நிறுத்தணும், அவ்ளோதான? இதுக்கா இம்புட்டு?" என்றார். இப்போது 'மாஸ் அர்ரோஸ்?' என்று அவர் கேட்கிற தோரணையில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வருவதில்லை.

8. வெளியே கூட்டிப்போவது

ரயில்தான் என் முதல் தேர்வு. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் பாதை 1904இல் திறந்தது, அகலப்பாதையாகி 2018இல் மறுபடி முழுதாக ஓடத் தொடங்கியது. பகவதிபுரம் தாண்டியதும் நீளமான குகை, அதன்பின் பதின்மூன்று கண் பாலம். ஜன்னலில் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும்: 'ஆய் உன் புயென்தே', ஒரு பாலம் இருக்கிறது. குகைக்குள் பெட்டி இருண்டதும் கூச்சம் போய் எல்லோரும் சத்தமாகப் பேசுவார்கள், ஏன் என்று கேட்காதீர்கள். புனலூரில் 1877இல் கட்டிய தொங்குபாலத்தில் நடந்துவிட்டுத் திரும்பலாம்.

அருவிக்கு மணி குறித்து அட்டவணை போடாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோய்விட்டது. மலையில் பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது. போலீஸ் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சனி, ஞாயிறு கூட்டத்தில் வண்டியே நகராது, அதனால் முகாமை ஞாயிறு மாலை தொடங்கிச் சனி காலை முடிக்கிறேன். வயல் வரப்பில் நடக்கப் போனால் சாரல் காலத்தில் அட்டை ஏறும். பையில் உப்புப் பொட்டலம் வையுங்கள்.

ஆடியும், ஆயுர்வேதச் சிகிச்சைக்குப் பேர்போன கேரளத்துக் கர்க்கடக மாதமும் ஒரே சமயம் என்பதால் எண்ணெய்ச் சிகிச்சை உண்டா என்று நிச்சயம் கேட்பார்கள். நீங்களே யாரையாவது வைத்துத் தேய்த்துவிடாதீர்கள். கேரளச் சுற்றுலாத் துறை ஆயுர்வேத நிலையங்களுக்குத் தரம் கொடுக்கிறது, மருத்துவர் இருக்கும் அப்படி ஒரு இடத்துக்கு வழி மட்டும் சொல்லுங்கள். நம் வீட்டில் கஞ்சி, தூக்கம், நடை. 'நோய் தீரும்' என்று விளம்பரத்தில் ஒரு வரிகூட வேண்டாம்.

9. கடைசி நாள்

வெள்ளி இரவு, சேருவதற்கு முன் போனில் பதிவு செய்த அந்த மூன்று நிமிடத்தை அவரவரிடம் தனியாகப் போட்டுக் காட்டி, மறுபடி பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எல்லோர் முன்னாலும் போடாதீர்கள், ஒருமுறை அப்படிச் செய்து ஒருவரைக் கூசவைத்துவிட்டேன். இரண்டையும் அவருக்கே அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

சனி காலை அவர்கள் கிளம்பியதும் உங்களுக்கு அடுத்த வேலை போர்வை. சாரல் காலத்தில் இங்கே துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, ஈர வாடை வேறு. அடுத்த குழு மறுநாளே வரும் என்றால் ஒரு கட்டிலுக்கு மூன்று ஜோடி விரிப்பும் உறையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டோடு தொடங்கி, முதல் ஆடியில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை ஈரம் உலர்த்தினேன்.