குழந்தைக்கு முடி வளரவில்லையா? முதலில் ஸ்கேலை எடுங்கள்

இரண்டு வயது தாண்டியும் தலையில் பூனைமுடிதான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கோ அதே வயதில் ரெட்டைச் சடை. பாட்டி இன்னொரு மொட்டை போடச் சொல்வார், அத்தை விளக்கெண்ணெய் தேய்க்கச் சொல்வார், மருந்துக்கடையில் பயோட்டின் கம்மி (முடிக்கென்று விற்கும் வைட்டமின் மிட்டாய்) நீட்டுவார்கள். எதையும் தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: முடி மெல்லிசாக மட்டும் இருக்கிறதா, நீளமே ஆகவில்லையா, அல்லது கொட்டுகிறதா? மூன்றும் வேறு வேறு. மெல்லிசு மட்டும்தான் என்றால் பெரும்பாலும் அது பரம்பரை. அப்பா, அம்மாவின் இரண்டு வயதுப் போட்டோவைத் தேடிப் பார்த்தாலே பாதிக் கவலை தீரும்.

அளப்பது எப்படி

தலைக்குக் குளிப்பாட்டிக் காயவைத்த பிறகு, உச்சிச் சுழியிலிருந்து இரண்டு விரல் முன்னால் ஒரு சிறு கொத்தைப் பிடியுங்கள். லேசாக நீவி நேராக்கி, தோலிலிருந்து நுனிவரை ஸ்கேலில் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். சுழி இடம் மாறாது என்பதால் அடுத்த முறையும் அதே இடத்தைப் பிடிக்கலாம். மூன்று மாதம் கத்தரி படக்கூடாது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் கூடும், குறையும். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் வேர் தன் வேலையைச் செய்கிறது.

நீளம் கூடவில்லையா? சீப்பில் வந்த ஒரு முடியை வெள்ளைத்தாளில் வைத்து வெளிச்சத்தில் நுனியைப் பாருங்கள். பிளந்தோ பிய்ந்தோ இருந்தால் முடி வளர்கிறது, வழியில் உடைகிறது. கத்தரியே படாத குழந்தைக்கு நுனி ஊசிபோலக் கூராக இருந்தும் சில செ.மீ.க்கு மேல் போகவில்லை என்றால், அந்த முடியின் வளரும் பருவமே குறுகியது. அது பிறவி அமைப்பு. வயது ஏற ஏற, குறிப்பாகப் பருவ வயதை ஒட்டி, பலருக்குச் சரியாகிவிடும். இதற்கு எண்ணெயால் ஆவது எதுவுமில்லை.

மொட்டை போட்டால் அடர்த்தியாகுமா?

ஆகாது. கத்தி சீவுவது தோலுக்கு மேலே இருக்கும் உயிரற்ற பகுதியை. முடியின் பருமனைத் தீர்மானிக்கும் வேர்ப்பை தோலுக்கு உள்ளே இருக்கிறது. எத்தனை வேர்ப்பைகள் என்பது பிறக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. பிறகு ஏன் மொட்டைக்குப் பின் முடி கருகருவென்று தெரிகிறது? கூர்நுனி போய், மழுங்கிய அடிப்பகுதி முதலில் வெளியே வருவதால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். வெயிலில் வெளிறிய பழைய முடியும் போய்விட்டது. அதோடு, முதல் மொட்டைக்கும் மூன்றாவது மொட்டைக்கும் இடையில் குழந்தைக்கு வயது கூடி, பிஞ்சு முடி தானாகவே மாறிவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

குலதெய்வ வேண்டுதல் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் புது பிளேடைக் கண்ணெதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். உச்சிக்குழி பொதுவாக ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள்தான் மூடும். அதற்குமுன் என்றால் அந்த இடத்தில் அழுத்தம் கூடாது. வெட்டுப்பட்ட இடத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், அதன்மேல் சந்தனம் வேண்டாம்.

கைக்குழந்தைக்குப் பின்மண்டையில் மட்டும் வழுக்கையாக இருப்பது வேறு விஷயம். மல்லாந்து படுத்துத் தலையைப் புரட்டுவதாலும், பிறந்த முடி இயல்பாக உதிர்வதாலும் வருவது அது. உட்கார ஆரம்பித்ததும் மூடிவிடும். அதற்காகக் குப்புறத் தூங்க வைக்காதீர்கள், மூச்சுக்கு ஆபத்து. விழித்திருக்கும்போது கண் பார்வையில் குப்புறப் போட்டால் போதும்.

எண்ணெய், சீப்பு, கட்டுதல்

தேங்காய் எண்ணெய் முடி உடைவதைக் குறைக்கும், வளர வைக்காது. ஒரு டீஸ்பூன் போதும். தலைக்குக் குளிப்பதற்கு அரைமணி நேரம் முன் தடவி, மிதமான பேபி ஷாம்புவில் அலசுங்கள். வாரம் இரண்டு முறை சரியாக இருக்கும். விளக்கெண்ணெய் பிசுக்கு அதிகம். மெல்லிய முடியில் சிக்கு விழுந்து, பிரிக்கும்போது கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வரும். தலையில் மஞ்சள் செதில் படிந்திருந்தால் எண்ணெயை 15 நிமிடம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, கண்டிப்பாகக் கழுவிவிடுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் செதில் கூடும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் சிறு குழந்தைக்குக் கூடவே கூடாது. தோல்வழி உள்ளே போய் வலிப்பு வரலாம். முடி வளர அப்பா போட்டுக்கொள்ளும் மினாக்ஸிடில் மருந்து பாட்டிலும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஈர முடி சுலபத்தில் இழுபட்டு அறும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி, சிக்கு எடுத்துக்கொண்டே வேருக்கு ஏறுங்கள்.

இருக்கிற நாலு முடியை இழுத்துத் தென்னைமரக் குடுமி போடுவதுதான் பல வீடுகளில் உண்மையான வில்லன். நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி விலகிக்கொண்டே போனால், வேரில் சிறு பருக்கள் தெரிந்தால், கட்டு இறுக்கம். மளிகைக்கடை ரப்பர் பேண்டைத் தூக்கிப் போடுங்கள், துணி சுற்றிய பேண்ட் வாங்குங்கள், வகிட்டை வாரத்துக்கு வாரம் மாற்றுங்கள். பரதநாட்டிய நிகழ்ச்சிக்கு வைக்கும் சவுரியும் பூச்சரமும் கனம். நிகழ்ச்சி முடிந்த கையோடு கழற்றிவிடுங்கள்.

சாப்பாடு

முதலில் சந்தேகப்பட வேண்டியது இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோறு வேண்டாம், பால் மட்டும் போதும் என்று நாளுக்கு ஒரு லிட்டர் குடிக்கும் குழந்தை இதில் முதலில் மாட்டும். பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றையும் அடைத்துவிடும். ஒரு வயதுக்கு மேல் அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். முட்டை, ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), பருப்பு, முருங்கைக்கீரை கொடுங்கள். கீரையோடு எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஏறும். சாப்பாட்டோடு டீ வேண்டாம். அங்கன்வாடி வழியே தரும் இரும்புச்சத்து சிரப், வாரம் இருமுறை 1 மி.லி.; அதைத் தவறவிடாதீர்கள். கம்மி, டானிக் எதையும் சொந்தமாகத் தொடங்காதீர்கள். வைட்டமின் ஏ அளவு மீறினால் அதனாலேயே முடி கொட்டும்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது

வழவழவென்று வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டாம். சொட்டையில் செதிலும் அரிப்பும், கறுப்புப் புள்ளியாக ஒடிந்த முடியும் இருந்தால் தலையில் படர்தாமரை. பூஞ்சை முடிக்குள்ளேயே இருப்பதால் களிம்பு மட்டும் கேட்காது, வாரக்கணக்கில் உள்மருந்து வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு நோயை வளர்த்துவிடும். லேசாக இழுத்தாலே வலியில்லாமல் முடி கையோடு வந்தாலும், பல் முளைக்கத் தாமதமாகி வியர்வையும் வராமல் இருந்தாலும், உடல் வளர்ச்சி மந்தமாகி மலச்சிக்கலும் சேர்ந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

போகும்போது அளவுக் குறிப்பையும், சீப்பில் வந்த முடியை ஒரு காகித உறையில் போட்டும் எடுத்துப் போங்கள். முடி வேரோடு வந்ததா, நடுவில் ஒடிந்ததா என்பதை டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டுவது), தைராய்டு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஏற்கெனவே பயோட்டின் கொடுத்துக்கொண்டிருந்தால் ரத்தம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அது தைராய்டு ரிப்போர்ட்டைத் தவறாகக் காட்டும்.