உதிரும் சுவரை அச்செடுக்கலாம்: வீட்டிலேயே கல்லச்சு

மண்ணடிப் பக்கம் போனால் காரை உதிர்ந்து செங்கல் தெரியும் வீடு ஒன்றாவது கண்ணில் படும். அதைப் பதிக்கக் கல்லச்சைவிட (லித்தோகிராஃபி) பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. சுவரைத் தின்றதும் தண்ணீர்தான், அச்சில் வெள்ளையைக் காப்பதும் தண்ணீர்தான்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. எண்ணெய்ப் பசையால் வரைந்த இடம் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். 1796 வாக்கில் ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் இதை வைத்துத்தான் சுண்ணாம்புக் கல்லில் அச்செடுத்தார். இன்றைய ஆஃப்செட் அச்சும் இதே வழிதான். நமக்குக் கல்லுக்குப் பதில் அலுமினியம் ஃபாயில் போதும்.

முதலில் வீட்டைப் போய்ப் பாருங்கள். கூரை இடிந்திருந்தால் மெட்ராஸ் டெரஸ் தெரியும்: தேக்குக் கட்டைகள் மேல், செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திக் கோணலாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். அந்தச் சாய்ந்த வரிசை படத்துக்கு நல்ல எலும்பு. விரிசலில் தொடங்காதீர்கள். வாசலுக்குள் தெரியும் இருட்டு அறையை முதலில் வரையுங்கள். அதன் ஆழம் வந்தால்தான் முன்னால் நிற்கும் சுவருக்குக் கனம் வரும்.

ஃபாயிலின் மங்கிய பக்கம் மேலே இருக்கும்படி ஒரு கண்ணாடிப் பலகையில் இறுக்கிச் சுற்றுங்கள். விரல் படக் கூடாது, ரேகையும் அச்சில் விழும். ஆயில் பேஸ்டலால் வரையுங்கள். இடவலம் மாறி விழும் என்பதால் கடைப் பலகை எழுத்துகளைத் திருப்பி எழுத வேண்டும்.

அப்புறம் படத்தின் மேல் கோலா பானத்தை ஊற்றுங்கள். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் வரையாத இடத்தைத் தண்ணீர் பிடிக்க வைக்கும். சில நொடிகளில் கழுவிவிட்டு, சமையல் எண்ணெய் தொட்ட துணியால் படத்தைத் துடைத்து எடுங்கள். எல்லாம் அழிந்த மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள், எண்ணெய்ப் பசை அங்கேயே இருக்கிறது.

இனிதான் கவனம். ஸ்பாஞ்சால் லேசாக ஈரப்படுத்தி, எண்ணெயில் குழைத்த அச்சு மையை ரோலரால் மெல்லிசாக உருட்டுங்கள். மறுபடி ஈரம், மறுபடி மை; நாலைந்து முறையாவது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சித்திரை வெயிலில் ஒரு நிமிடம் விட்டாலும் ஃபாயில் காய்ந்து, வெள்ளை இடமெல்லாம் மை ஏறிவிடும். ஏறினால் உடனே ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள்.

சற்றே ஈரமான தாளை மேலே வைத்து, மரக்கரண்டியின் முதுகால் ஓரம் விடாமல் தேயுங்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெளுப்பாக இருந்தால் அந்த இடத்தை இன்னும் தேய்க்கலாம்.

ஒரு ஃபாயிலில் சில பிரதிகள்தான் வரும். ஒவ்வொன்றிலும் வெள்ளை கொஞ்சம் மங்கும், கீறல் கூடும். என் மூன்றாவது பிரதியில் நகம் பட்ட கோடு ஒன்று ஜன்னல் வளைவிலிருந்து தரை வரை இறங்கியிருக்கிறது. நான் வரையாத விரிசல். அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.