மதுரைக்கு இரண்டு நாள் வருகிறீர்களா? அந்தப் பட்டியலைக் கொஞ்சம் கொடுங்கள்

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோருடைய கையிலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். மீனாட்சி கோவில், நாயக்கர் மகால், காந்தி மியூசியம், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோவில், பழமுதிர்சோலை, கீழடி, சமணர் மலை, யானைமலை, கலைஞர் நூலகம். இடையிடையே ஜிகர்தண்டா, கறி தோசை, பன் பரோட்டா. வருவது சனிக்கிழமை காலை, கிளம்புவது ஞாயிற்றுக்கிழமை இரவு. அதற்குள், "மதினி, அப்படியே ராமேஸ்வரம் ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாமா?" என்று என் கணவரின் தம்பி கேட்பார். ராமேஸ்வரம் இங்கிருந்து சுமார் 170 கிலோமீட்டர். அதை ஒரு எட்டு என்று சொல்ல அனுமாரால்தான் முடியும்.

மீனாட்சி கோவிலுக்குப் பக்கத்தில் சிம்மக்கல்லில் குடியிருப்பதால் எங்கள் வீட்டில் விருந்தாளிக்குப் பஞ்சமில்லை. வருகிறவர்களின் பட்டியலைத் திருத்துவது என் வேலையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள் என்பதால் சிவப்புப் பேனா கூசாமல் ஓடும். எப்படித் திருத்துகிறேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் இடங்களின் பெயரை மறந்துவிட்டு மணியை எழுதுங்கள். காலை ஆறு முதல் பன்னிரண்டரை வரை ஒரு கட்டம். மாலை நான்கு முதல் ஒன்பதரை வரை இன்னொரு கட்டம். நடுவில் இருக்கும் மூன்றரை மணி நேரத்தை அடித்துவிடுங்கள். மீனாட்சி கோவிலில் பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறப்பது நான்கு மணிக்குத்தான். திருப்பரங்குன்றத்திலும் இதே கதைதான். காந்தி மியூசியத்தில் ஒன்றிலிருந்து இரண்டு வரை உணவு இடைவேளை. கடைக்காரர்களில் பலர் பாதிக் கதவை இழுத்துவிட்டு உள்ளே சாய்ந்திருப்பார்கள். இந்த நேரத்தில் ஊர் சுற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பூட்டிய வாசல்களையும் வெயிலையும்தான் பார்க்கிறார்கள். பகலில் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். சுற்றுலா வந்த இடத்தில் தூக்கமா என்று முகம் சுளிக்கும் என் மருமகளிடம் நான் சொல்வது இதுதான்: மதுரை இரவில் விழித்திருக்கும் ஊர், அதைப் பார்க்க வேண்டுமென்றால் பகலில் கண்ணயர்ந்துதான் ஆக வேண்டும்.

ஆக இரண்டு நாளில் உங்கள் கையில் இருப்பது நான்கு கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பெரிய இடம், அதன் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சின்ன இடம். அவ்வளவுதான். மொத்தம் எட்டு. பட்டியலில் மிச்சமிருப்பதைச் சண்டையில்லாமல் அடித்துவிடுங்கள்.

எந்த இரண்டை ஒரே கட்டத்தில் சேர்ப்பது என்பதைத் திசை முடிவு செய்யும். காந்தி மியூசியம், தமுக்கம், நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இன்னும் வடக்கே போனால் அழகர்கோவில், எல்லாம் வைகைக்கு வடக்கே. திருப்பரங்குன்றமும் கீழக்குயில்குடி சமணர் மலையும் தென்மேற்கில். தெப்பக்குளமும் கீழடியும் தென்கிழக்கில். யானைமலை வடகிழக்கில், ஒத்தக்கடைப் பக்கம். காலையில் அழகர்கோவில் போய்விட்டு மதியத்துக்குள் திருப்பரங்குன்றம் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஊரை வடக்கிலிருந்து தெற்கே முழுக்கக் கடக்க வேண்டும், நடுவில் கோரிப்பாளையம் சந்திப்பு இருக்கிறது. கைபேசி வரைபடம் காட்டும் நிமிடத்தை அந்தச் சந்திப்பு மதிப்பதில்லை.

அடுத்தது, ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்குவது. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மீனாட்சி கோவிலுக்கு ஒரு மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். கோவிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளுக்குள் வண்டி வராது, ஆட்டோவை விட்டு இறங்கி நடக்க வேண்டும். செருப்பை ஓரிடத்தில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை, அதைக் கொடுக்க இன்னொரு வரிசை, இன்னொரு டோக்கன். பிறகு சோதனை. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வந்த தம்பி வாசலோரக் கடையில் வேட்டி வாங்கி, அதை இடுப்பில் நிறுத்தப் படும் பாடு தனி. அம்மன் சன்னிதிக்கு ஒரு வரிசை, சுவாமி சன்னிதிக்கு ஒரு வரிசை. இதற்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும், இன்னும் கோவிலைப் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை. பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார வேண்டும், கம்பத்தடி மண்டபத்துச் சிற்பங்களின் முன்னால் கழுத்து வலிக்க நிற்க வேண்டும், ஆயிரங்கால் மண்டபத்துக்குள் போக வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறைத்து எழுதினால் நான் பேனாவை எடுத்துவிடுவேன்.

செல்போன் இல்லாத அந்த மூன்று மணி நேரத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்து போனால் ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் காணாமல் போவார், கூப்பிடவும் வழியில்லை. உள்ளே போகும் முன்பே, "யார் பிரிந்தாலும் முக்குறுணி விநாயகர் முன்னால் வந்து நில்லுங்கள்" என்று சொல்லிவையுங்கள். ஆளுயரத்தை மிஞ்சிய பிள்ளையார், அம்மன் சன்னிதியிலிருந்து சுவாமி சன்னிதிக்குப் போகும் வழியில் இருக்கிறார், தவறவிட முடியாது. இன்னொன்று, எந்தக் கோபுரத்து வாசலில் செருப்பையும் போனையும் கொடுத்தீர்களோ அதே வாசல் வழியாகவே வெளியே வாருங்கள். கிழக்கில் நுழைந்து தெற்கில் வெளியேறிவிட்டு, பதினொரு மணி வெயிலில் சூடேறிய தரையில் வெறுங்காலோடு குதித்துக் குதித்துச் சித்திரை வீதியைச் சுற்றி வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பெரியவர்களை அழைத்து வந்தால் ஏழு மணிக்கே உள்ளே இருங்கள், கல் சுடுவதற்குள் திரும்பிவிடலாம்.

இப்போது சனிக்கிழமை. இரவு ரயிலில் ஏறினால் விடியற்காலையில் மதுரை. வழக்கமான ஹோட்டல்களில் அறை கிடைப்பது மதியம் என்பதால் குளிக்க இடமில்லாமல் ஒரு முழுக் கட்டம் வீணாகும். ரயில் நிலையத்துக்கும் கோவிலுக்கும் நடுவில் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் விடுதிகள் நிறைய உண்டு. உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கு வைக்கும் விடுதியாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். குளித்து, இட்லி சாப்பிட்டு, ஏழரைக்குக் கோவில். பத்தரைக்கு வெளியே வந்தால் கிழக்கே புதுமண்டபம் கண்ணில் படும். அங்கிருந்து விளக்குத்தூண் வழியாக நாயக்கர் மகாலுக்கு நடந்தே போகலாம், நடக்க முடியாதவர்கள் ஆட்டோ பிடிக்கலாம். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் நாம் இப்போது பார்ப்பது ஒரு பகுதி மட்டுமே. பேரன் சொக்கநாத நாயக்கர் நிறையப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பது வரலாறு. மிச்சமிருப்பதே கழுத்தை நிமிர்த்த வைக்கும். தூண் ஒன்றைக் கட்டிப்பிடிக்கக் குடும்பமே கைகோக்க வேண்டியிருக்கும், குழந்தைகளுக்கு அதைவிட வேடிக்கை வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

சாப்பாடு, தூக்கம். நான்கு மணிக்குக் காந்தி மியூசியம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, அதனால் வெள்ளி-சனி என்று வருகிறவர்கள் நாளை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ராணி மங்கம்மாளின் கோடைக்கால அரண்மனையில் 1959-இல் தொடங்கிய மியூசியம் இது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி இங்கேதான் இருக்கிறது. அவசரமாக நடந்துபோய்ப் பார்க்கிற பொருள் இல்லை அது. 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீடொன்றில் தங்கியிருந்தபோதுதான் அவர் மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறினார். அந்த இடத்தில் இன்று கதர்க் கடை இருக்கிறது, ஞாயிறு மாலை கடைவீதிப் பக்கம் போகும்போது வெளியிலிருந்தாவது பாருங்கள்.

திரும்பும் வழியில் சிம்மக்கல் பக்கம் கறி தோசை. தடித்த தோசை, மேலே முட்டை, அதன் மேல் கொத்துக்கறி, திருப்பிப் போட்டு எண்ணெய் விட்டு எடுப்பார்கள். ஒன்று சாப்பிட்டால் வயிறு நிறையும், இரண்டாவது கேட்பவர்களை நான் தடுப்பதில்லை. சைவக்காரர்களுக்குச் சாயங்காலத் தள்ளுவண்டிகளில் பருத்திப்பால் இருக்கிறது. அசைவம் சாப்பிட்டுவிட்டுக் கோவிலுக்குப் போக மாட்டோம் என்பவர்கள் கறி தோசையை ஞாயிறுக்குத் தள்ளிவிடுங்கள், ஏனென்றால் சனிக்கிழமை இரவுக்கு நான் கோவிலைத்தான் எழுதுகிறேன்.

இரவில் பள்ளியறை பூஜை. பட்டியலோடு வருகிற யாருடைய பட்டியலிலும் இது இருப்பதில்லை. ஒன்பது மணிவாக்கில் சொக்கநாதரின் திருவடிகளைப் பல்லக்கில் ஏற்றி, நாதஸ்வரமும் மேளமுமாகச் சுவாமி சன்னிதியிலிருந்து அம்மன் சன்னிதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். சாம்பிராணிப் புகை, முன்னால் தீவட்டி, பின்னால் ஓட்டமும் நடையுமாக நூறு பேர். தினமும் நடக்கிறது. எட்டரைக்கே உள்ளே போய் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் தரிசனம் முடித்தவர்களுக்கு மறுபடி வரிசையில் நிற்கும் கவலை இல்லை, பிராகாரத்தில் நின்றாலே போதும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் சமணர் மலை. எட்டு மணிக்கு மேல் பாறை காயத் தொடங்கிவிடும், நிழலே கிடையாது. கீழே தாமரைக் குளமும் ஐயனார் கோவிலும் ஆலமரங்களும். செட்டிப்புடவு என்ற குகையின் வாசலருகே பெரிய சமணத் தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். பாறையில் வெட்டிய படியில் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே ஆலமர நிழலில் இருக்கட்டும், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. அங்கிருந்து திருப்பரங்குன்றம் பக்கம்தான். மலையைக் குடைந்த கருவறை, பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நிதானமாகக் கும்பிடலாம். முகூர்த்த நாளென்றால் மட்டும் யோசியுங்கள். ஒரே வளாகத்தில் கல்யாணத்துக்கு மேல் கல்யாணம் நடக்கும், யார் வீட்டு மாப்பிள்ளை என்று தெரியாமலே நாலு பேருக்கு வழிவிட்டு நிற்க வேண்டியிருக்கும்.

பழைய ஊர்களில் பிடிப்பு உள்ளவர்கள் ஞாயிறு மாலையைக் கீழடிக்குக் கொடுக்கலாம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். பானை ஓட்டுக் கீறல்களில் தொடங்கி நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும். மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்பதால் அன்றைக்கு மட்டும் மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டும், விடுமுறை நாளையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஐந்து மணிக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் போய்க் காற்று வாங்கிவிட்டு, விளக்குத்தூணில் ஜிகர்தண்டா குடித்துவிட்டு, சுங்குடிச் சேலை வாங்கப் போகலாம். சேலைக் கடைக்கு அரை மணி நேரம் என்று எழுதியிருந்தால் அதை இரண்டால் பெருக்குங்கள். மல்லிகையைக் கடைசியாக, ரயிலுக்குக் கிளம்பும்போது வாங்குங்கள், வாழை இலையில் பொதிந்து தரச் சொல்லுங்கள்.

எந்த மாதம் வருவது என்றும் கேட்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் திருவிழாவுக்கு மட்டும் வாருங்கள். திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஊரே தெருவில் நிற்கும்போது மகாலுக்கு எந்த ஆட்டோவும் வராது. கார்த்திகை தொடங்கித் தை முதல் வாரம் வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும், கோவில் வரிசைக்கு இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அழகர்கோவிலை ஏன் அடித்தீர்கள் என்று கொழுந்தனார் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். கீழே பெருமாள், மேலே பழமுதிர்சோலை முருகன், அதற்கும் மேலே நூபுர கங்கை, பிரசாதமாகக் கனத்த தோசை. மூன்றையும் பார்த்து இறங்க ஒரு காலைப்பொழுது முழுக்க வேண்டும். அது வேண்டுமென்றால் சமணர் மலையையும் திருப்பரங்குன்றத்தையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் இதை எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டையும் எழுதிக்கொண்டு வந்தால் சிவப்புப் பேனா தயாராக இருக்கிறது.