முட்டி மாற்று ஆபரேஷன்: முடிவெடுக்கும்போது நடக்கும் தவறுகள்

"எலும்போட எலும்பு உரசுதாம், உடனே மாத்தணுமாம்" என்று எக்ஸ்ரே உறையைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படுபவர்களை வேலூர்ப் பக்கத்தில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். படத்தை முடிவெடுக்க விடுவதுதான் முதல் தவறு. மூட்டுத் தேய்மானத்தை எக்ஸ்ரேயில் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். நான்காம் நிலை என்று எழுதப்பட்ட முட்டியோடு தினமும் கடைக்குப் போய் வருபவர் இருக்கிறார். இரண்டாம் நிலை முட்டியோடு ராத்திரி தூங்க முடியாதவரும் இருக்கிறார். படம் தேய்மானத்தைக் காட்டும், வலியைக் காட்டாது.

அந்தப் படத்தையும் சரியாக எடுத்திருக்க வேண்டும். படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி உள்ளதைவிட அகலமாகத் தெரியும். நிற்க வைத்து, உடல் எடை காலில் இறங்கும்போது எடுத்த படமே கணக்கு. தேய்மானம் எக்ஸ்ரேயிலேயே தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் எம்ஆர்ஐ ஸ்கேன் தேவைப்படாது. அதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன், "இதனால் என் சிகிச்சை மாறுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

முடிவுக்கு உதவுவது வேறொரு பதிவு. இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கோட்டைக்குள் நடந்து போய்வர முடிகிறதா, நடுவில் எத்தனை தடவை நிற்க வேண்டியிருக்கிறது? வலியால் எத்தனை ராத்திரி விழிப்பு வந்தது? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? வாரத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை போட வேண்டியிருந்தது? வலிக்குப் பயந்து எந்தெந்த வேலையை, எந்தெந்தக் கல்யாணத்தை விட்டீர்கள்? டாக்டருக்கு எக்ஸ்ரேயைப் போலவே இந்த நோட்டும் பயன்படும்.

வலி முட்டியில்தான் பிறக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டு கெட்டுப் போனால் வலி தொடை வழியாக இறங்கி முட்டியில் தெரிவதுண்டு. டாக்டர் காலை உள்ளுக்கும் வெளிக்கும் திருப்பும்போது தொடையிடுக்கில் வலித்தால் இடுப்புக்கும் ஒரு எக்ஸ்ரே வேண்டும். முதுகிலிருந்து கெண்டைக்கால், பாதம் வரை மரத்துப்போதலோடு இறங்கும் வலி தண்டுவட நரம்பிலிருந்து வரலாம். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, கூடவே கைவிரல் மூட்டுகளில் வீக்கம் என்றால் அது முடக்குவாதமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு முதலில் மருந்துதான். இவற்றைப் பார்க்காமல் முட்டியை மாற்றினால் வலி அப்படியே இருக்கும்.

அடுத்த தவறு மிகப் பரவலானது. "எல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லும் பலர் உண்மையில் எதையும் முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்து நாள் கரன்ட் வைத்ததையும் சூடு காட்டியதையும் பிசியோ என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். முட்டியைத் தாங்குவது முன்தொடைத் தசை. அது பலப்பட 6 முதல் 12 வாரம் தொடர்ந்து பயிற்சி செய்ய வேண்டும். சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்துக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டியபடி ஒரு ஜாண் உயரம் தூக்கி 5 விநாடி நிறுத்துங்கள். உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். ஒவ்வொன்றும் 10 தடவை, ஒரு நாளில் 3 வேளை. ஆபரேஷனே வேண்டியிருந்தாலும் இந்த உழைப்பு வீணாகாது. தொடை பலமாக இருப்பவர் வாக்கரைச் சீக்கிரம் விடுகிறார்.

எடையும் அப்படித்தான். 1 கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் ஏறும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறையும். 5 கிலோ குறைத்தவருக்கு அடிக்கு 20 கிலோ மிச்சம். கைத்தடியைப் பலர் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள், அது தப்பு. வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். தாழ்ந்த கட்டிலிலிருந்து எழச் சிரமமாக இருந்தால், அதை உயர்த்த அதன் கால்களுக்கு அடியில் ஆடாதபடி செங்கல் வையுங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் மடியில் முறத்தை வைத்துச் சம்மணமிட்டு நாளெல்லாம் பீடி சுற்றும் பெண்கள் மேசை நாற்காலிக்கு மாறினாலே சில வாரங்களில் வித்தியாசம் தெரியலாம். கூலி குறையுமோ என்ற பயம் நியாயமானது. கை பழகும் வரைதான் வேகம் குறையும்.

வலி மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவற்றை மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். சக்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு இவை கிட்னியைக் கெடுக்கும், குடலில் ரத்தக்கசிவையும் உண்டாக்கும். பெயர் ஒட்டாத பொடியும் உருண்டையும் இன்னும் மோசம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மூன்று நாளில் வலி மாயமாகி, சில மாதத்தில் முகம் உப்பி, சக்கரை ஏறினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்படி எதையாவது சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்தாதீர்கள், மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்கவும் மறைக்காதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த உடல் ஆபரேஷனின் அதிர்ச்சியைத் தானாகத் தாங்காது. ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம்.

முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் முதல் மூன்று மாதம் வரை வலியைக் குறைக்கும். அந்த ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் முட்டியை மாற்றினால் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடுகிறது. எனவே ஆபரேஷன் தேதி குறித்த பிறகு "அதுவரைக்கும் ஒரு ஊசி" என்று போட்டுக்கொள்ளக் கூடாது. ஜெல் ஊசியும், சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் ஊசியும் தேய்ந்த ஜவ்வை மறுபடி வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நான்காம் நிலைத் தேய்மானத்தில் அதற்குப் பல ஆயிரம் கொடுப்பது பணத்துக்குக் கேடு. சிறு துளை போட்டு மூட்டைக் கழுவி விடும் ஆபரேஷனும் தேய்மானத்துக்குப் பயன் தரவில்லை என்று ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்காகத் தேடிப் போவது. தேய்ந்துபோன ஜவ்வைக் கட்டுப் போட்டுச் சேர்க்க வழியில்லை.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் ராத்திரி வலியும் நடை முடக்கமும் தொடர்கின்றன, படத்திலும் தேய்மானம் முற்றியிருக்கிறது என்றால், அதற்கு மேல் தள்ளிப்போடுவதும் தவறுதான். பல வருடம் முட்டியை மடக்கியே வைத்திருந்தால் கால் நீட்ட வராது, தொடை மெலிந்துவிடும், எலும்பு ஒரு பக்கமாகக் கரையும். பிறகு சாதாரண மூட்டு போதாமல், நீளமான தண்டும் முட்டுக்கொடுக்கும் துண்டுகளும் வைத்த மூட்டு தேவைப்படலாம். செலவு ஏறும், பலன் குறையும். வீட்டுக்குள்ளேயே முடங்கியவருக்குச் சக்கரையும் இதயமும் கெடுவது தனிக் கணக்கு. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி வைத்தியம் பார்த்துப் போகிறார்கள். பக்கத்து ஆற்காட்டிலும் அணைக்கட்டிலும் இருப்பவர்கள் "இன்னும் ஒரு வருஷம்" என்று பத்து வருடம் தள்ளுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அவசரத்துக்கும் விலை உண்டு. முழு மூட்டு மாற்றியவர்களில் 100க்கு 82 பேருக்கு அது 25 வருடம் நிற்கிறது என்று வெளிநாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன. ஆனால் ஐம்பதை ஒட்டிய வயதில் செய்துகொண்ட ஆண்களில் ஏறத்தாழ 3ல் ஒருவர் வாழ்நாளுக்குள் மறுபடியும் ஆபரேஷனுக்குப் போக நேர்கிறது. எழுபதுக்கு மேல் செய்துகொண்டவர்களில் அது 20ல் ஒருவர்தான். வயது குறைவு, கால் வளைந்திருக்கிறது, உள்பக்கம் மட்டுமே தேய்ந்திருக்கிறது என்றால், முட்டிக்குக் கீழே எலும்பை வெட்டி நேராக்கும் ஆபரேஷனைப் பற்றியும், பாதி மூட்டு மட்டும் மாற்றுவதைப் பற்றியும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிறகு வரும் ஏமாற்றம் பெரும்பாலும் எதிர்பார்ப்பிலிருந்து வருகிறது. மாற்றிய முட்டி பொதுவாக 110 முதல் 120 டிகிரி வரை மடங்கும். குந்தி உட்கார 130க்கு மேல் வேண்டும். அதிகம் மடங்கும் மாடல் என்று விற்கப்படும் மூட்டும் குந்துவதற்கு உத்தரவாதம் தராது, குந்தினால் பிளாஸ்டிக் பகுதி சீக்கிரம் தேயலாம். மல்லாட்டைக் கொல்லையில் குந்திக் களை வெட்டுவதும் தரையில் சம்மணமிடுவதும் இனி இல்லை என்று முதலிலேயே மனதைத் தயார் செய்ய வேண்டும். ஆரணிக் குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்க முடிந்தாலும், குழியில் இறங்கி ஏறுவது சிரமம். ஆம்பூர், மேல்விஷாரத்தில் ஐந்து வேளை தொழுபவர்கள் நாற்காலியில் தொழுவது பற்றி முன்கூட்டியே குடும்பத்தில் பேசிக்கொள்வது நல்லது. தழும்பின் வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போயிருக்கும், நடக்கும்போது லேசான "டக்" சத்தம் கேட்கும். இவை கோளாறு அல்ல. நன்றாக நடந்த ஆபரேஷனுக்குப் பிறகும் ஏறத்தாழ 5ல் ஒருவருக்கு முழுத் திருப்தி இருப்பதில்லை. தேய்மானம் கொஞ்சமாக இருக்கும்போதே செய்துகொண்டவர்கள் அவர்களில் அதிகம்.

பணக் கணக்கில் மூட்டின் விலையையும் ஆபரேஷன் பேக்கேஜையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. வழக்கமான கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு அப்போது 54,720 ரூபாய், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோகத்துக்கு 76,600 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அந்தத் தொகை பின்னர் மாறியிருக்கும், ஆனால் பில்லில் மூட்டின் விலையும் கம்பெனி பெயரும் தனியாக இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். ரோபோ வைத்துச் செய்வது வெட்டும் அளவைத் துல்லியமாக்குகிறது. அதற்காகவே கடன் வாங்கும் அளவுக்குப் பெரிய பலன் இன்னும் நிரூபணமாகவில்லை. வருடத்துக்கு எத்தனை முட்டி மாற்றுகிறார் என்று டாக்டரைக் கேட்பது அதைவிடப் பயன் தரும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். கார்டு கையில் இருப்பது மட்டும் போதாது. நீங்கள் போகும் ஆஸ்பத்திரி இந்த ஆபரேஷனுக்கு அந்தத் திட்டத்தில் அனுமதி பெற்றிருக்கிறதா, ஒரு முட்டிக்கா இரண்டுக்குமா என்று அட்மிட் ஆகும் முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்க வேண்டும். அட்வான்ஸ் கட்டிய பிறகு கேட்டால் தாமதம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டிவிட்டு முடிவு செய்யலாம்.

இரண்டு முட்டியையும் ஒரே நாளில் மாற்றினால் ஒரே மயக்கம், ஒரே ஓய்வு என்பது உண்மை. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஏறும் சுமையும், ரத்தம் உறையும் ஆபத்தும் அதிகம் என்பதும் உண்மை. இதய நோய் உள்ளவர்களும் எழுபதைத் தாண்டியவர்களும் மூன்று மாத இடைவெளியில் ஒவ்வொன்றாகச் செய்துகொள்வதே எங்கள் கருத்தில் சரி.

தேதி குறிக்கும் முன் உடலைத் தயார் செய்யாததுதான் மிக விலை கொடுக்க வைக்கும் தவறு. மூட்டில் சீழ் பிடிப்பது 100ல் ஓரிருவருக்குத்தான். ஆனால் கிருமி உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து அங்கே எட்டாது. மூட்டையே கழற்றி, மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி வைக்க நேரும். மூன்று மாதச் சராசரி சக்கரையான எச்பிஏ1சி 7.5க்குள் வரட்டும், 8ஐத் தாண்டினால் தேதியைத் தள்ளுங்கள். சொத்தைப் பல்லையும் ஈறு வீக்கத்தையும் முன்பே சரிசெய்யுங்கள். சிறுநீர் எரிச்சல் இருந்தால் சொல்லுங்கள். வெறுங்காலில் வயலுக்குப் போகிறவர்களுக்குக் குதிகால் வெடிப்பும் சேற்றுப்புண்ணும் சாதாரணம். கிருமி உள்ளே போகும் வாசல் அதுதான், ஆறவிட்டுத்தான் வர வேண்டும். பீடி, சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட வேண்டும். ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து ஏற்றிக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் வீட்டில் பிளேடு வைத்துக் கால் முடியை மழிக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறலே புண்ணாகும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையையும் முடக்குவாத மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். மொத்த மாத்திரையையும் பையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

வீட்டையும் பாருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில், நடுவில் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி ஒன்று வாங்கினாலே போதும். பெரும்பாலானவர்களை ஆபரேஷன் அன்றோ மறுநாளோ நிற்க வைத்துவிடுவார்கள், சில வாரத்துக்கு வாக்கர், ஆறு வாரம் வாக்கில் கைத்தடி. ஆனாலும் மூன்று மாதம் உங்களால் அறுவடைக்கும் மகளின் பிரசவத்துக்கும் ஓட முடியாது. அந்த மூன்று மாதம் காலண்டரில் காலியாக இருக்கும்போது தேதி வாங்குங்கள். ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் பிசியோவுக்கு வருவது நடக்கிற காரியமில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்பே பெயர் கொடுத்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாசத்தோடு முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிடுவார்கள். வைக்க விடாதீர்கள். மடங்கியே கிடக்கும் முட்டி அப்படியே இறுகிவிடும். தலையணை வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி நீளட்டும். இரண்டு வாரத்தில் 90 டிகிரி மடங்க வேண்டும். ஆறு வாரமாகியும் அது வராவிட்டால் "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள், மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வழி அப்போது இருக்கிறது. தையல் வழியாக ஒரு வாரத்துக்கு மேல் நீர் கசிந்தாலோ, காய்ச்சலோடு முட்டி சிவந்தாலோ அன்றே ஆபரேஷன் செய்தவரிடம் போக வேண்டும், பக்கத்து மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடக் கூடாது. கெண்டைக்கால் கல்லாக வீங்கினாலும் அன்றே போங்கள். திடீரென மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் யாருக்காகவும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.