டிடிஎச் டிஷ்ஷை வைத்துச் சூரியனின் ரேடியோ வலிமையை அளக்க

பழைய 60 செ.மீ. டிடிஎச் டிஷ், யுனிவர்சல் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் இருந்து சிக்னலைப் பெருக்கி, தாழ்ந்த அலைவரிசைக்கு இறக்கும் பெட்டி), ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கணினியில் செருகும் சிறிய ரேடியோ ரிசீவர்), ஒரு கணினி. இவ்வளவு இருந்தால் சூரியன் 11 கிகாஹெர்ட்ஸில் எழுப்பும் இரைச்சலை அளந்துவிடலாம். சூரியனைப் பிடிப்பது எளிது. நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிடுவதுதான் பாடு. எல்என்பி சூடாகும்போது அதன் பெருக்கம் (கெயின்) நழுவும்.

எல்என்பிக்கு 13 வோல்ட் வேண்டும். எஸ்டிஆரின் பயாஸ்-டீ (கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் வசதி) தரும் 4.5 வோல்ட் காணாது. கேபிளில் தனியாக மின்சாரம் ஏற்றும் பவர் இன்சர்டர் வழியாகக் கொடுங்கள். எஸ்டிஆர் பக்கம் அந்த மின்சாரத்தைத் தடுக்கும் டிசி பிளாக் கட்டாயம், இல்லாவிட்டால் எஸ்டிஆர் புகைந்துவிடும்.

எல்என்பி 9.75 கிகாஹெர்ட்ஸைக் கழிப்பதால் 11.15 கிகாஹெர்ட்ஸ் கேபிளில் 1400 மெகாஹெர்ட்ஸாக வரும். அந்த இடத்தில் ஸ்பெக்ட்ரம் தட்டையாக இருக்க வேண்டும். மேடு தெரிந்தால் செயற்கைக்கோள், தள்ளிப்போங்கள். ஏஜிசியை (பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். அது சூரியன் வந்ததும் பெருக்கத்தைக் குறைத்து, தேடிய மேட்டையே தின்றுவிடும். டிஷ் சூரியனைப் பார்க்கும்போது சிக்னல் வெட்டுப்படாத அளவில் கெயினை நிறுத்துங்கள்.

சராசரியைத் திறனில் எடுங்கள், டெசிபலில் அல்ல. 2 மெகாஹெர்ட்ஸ் அகலம், 1 விநாடி சராசரி என்றால் சிதறல் 0.1 கெல்வின்தான் (இரைச்சலை இங்கே வெப்பநிலையாகச் சொல்கிறோம்). யுடிசி நேரத்தோடு விநாடிக்கு ஒரு வரி சிஎஸ்வி கோப்பில் போதும்.

ஒரு மணி நேரம் சூடேறவிட்டு அளவுத்திருத்தம் செய்யுங்கள். டிஷ்ஷைத் தரைக்குத் திருப்பினால் 300 கெல்வின். தெளிந்த உயர வானம் சுமார் 10 கெல்வின். இரண்டிலும் கருவியின் இரைச்சலும் சேர்ந்தே வரும். தரைத் திறன் வானத்தைப் போல 3 மடங்கு என்றால், (300 − 3×10) ÷ 2 = 135 கெல்வின் கருவியின் சொந்த இரைச்சல். ஆக, வெறும் வானம் 145. சூரியனில் அதுவே 3 மடங்கானால் சூரியனின் பங்கு 290 கெல்வின். பதிவுக்கு முன்னும் பின்னும் தரையை அளங்கள். இரண்டும் ஒத்துவராத பதிவைத் தூக்கிப் போடுங்கள்.

டிஷ்ஷைத் திருப்பித் திருப்பிச் சூரியனைத் துரத்த வேண்டாம். அளவு உச்சத்துக்கு வரும் இடத்தில் இறுக்கி, நேரத்தைக் குறித்துவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் சூரியன் தானே வரும். ஒரு நாளில் அது வடக்கு-தெற்காக 0.4 டிகிரிக்கு மேல் நகராது, டிஷ்ஷின் கற்றையோ (அது ஒரே நேரத்தில் பார்க்கும் வான அகலம்) 3 டிகிரி. அரை மணி முன்பே பதிவைத் தொடங்கினால் சுமார் 13 நிமிட அகலத்தில் ஒரு மேடு கிடைக்கும். சூரியனும் செயற்கைக்கோள் வரிசையும் ஒரே கோட்டில் வரும் மார்ச், செப்டம்பர்-அக்டோபர் வாரங்களில் அலைவரிசையை மறுபடி சரிபாருங்கள்.